மாப்பிள்ளையின் தங்க வெட்சி

நாற்றுப் பண்ணையின் விளம்பரத் தாளில், கடைசிப் பக்கத்தின் கீழ்ப்பாதியில், ஒரு புகைப்படத்துக்குப் பக்கத்தில் இப்படி அச்சிட்டிருந்தது: "எங்கள் தாவர நல நிபுணர். நீண்ட கால அனுபவம் மிக்கவர். செடியைப் பார்த்த மாத்திரத்தில் அதன் குறையை அறிந்து, உடனுக்குடன் நிவர்த்தி செய்து, ஒவ்வொரு செடியும் முழு ஆரோக்கியத்துடன் உங்கள் இல்லம் வந்து சேர்வதை உறுதி செய்பவர்."

இதில் முழுக்கப் பிழையில்லாதது அந்தப் புகைப்படம் ஒன்றுதான். அதிலும் அவர் கையில் பிடித்திருந்த பூதக்கண்ணாடி படத்துக்காக வாங்கியது. படம் எடுத்து முடிந்ததும் பண்ணை முதலாளி அதைத் தம் மேசைக்குக் கொண்டுபோய்விட்டார். மாத்திரை அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்க அவருக்கு அது தேவைப்பட்டது.

நிபுணரைப் பண்ணையில் யாரும் நிபுணர் என்று கூப்பிட்டதில்லை. முதலாளியின் தங்கையைக் கட்டியவர் என்பதால் முதலாளி அவரை 'மாப்ள' என்றார். அதைக் கேட்டு மண் கலக்கும் பெண்களும், வண்டி ஓட்டுகிறவரும், எரு கொண்டுவந்து கொட்டுகிறவரும் 'மாப்பிள்ளை சார்' என்றார்கள். சொந்த மகளுக்கே கல்யாணமாகி அவள் வேறு ஊரில் குடித்தனம் நடத்தும் வயதிலும் அவர் எல்லோருக்கும் மாப்பிள்ளையாகவே இருந்தார். மாப்பிள்ளைக்கு உரிய சலுகைகளில் ஒன்றை மட்டும் அவர் குறைவில்லாமல் ஏற்றுக்கொண்டார்: உட்கார்ந்திருப்பது.

அதற்கு முன்னால் அவர் ஒரு கடிகாரக் கடையில் விற்பனையாளராக இருந்தார். நான்கு சுவரிலும் முள் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தும் அவசரம் என்ற ஒன்று அவரைத் தொற்றவில்லை. எல்லோரும் கைப்பேசியில் நேரம் பார்க்கத் தொடங்கியதும் கடை மூடப்பட்டது. வீட்டிலிருந்தவரை ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த மனைவி, அண்ணனிடம் போய், இந்த மனிதரை எங்கேயாவது வெயில் படுகிற இடத்தில் வையுங்கள், வீட்டுக்குள் வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் ஒரு பதவியை உண்டாக்கினார். பதவிக்கு ஏற்ற படிப்பு வேண்டுமே என்று ஒரு குறுகிய காலப் பயிற்சி வகுப்புக்கும் அனுப்பிவைத்தார்.

வகுப்பில் மாப்பிள்ளை நல்ல மாணவர். எந்தச் சத்து குறைந்தால் எந்த இலை எப்படி வெளிறும் என்பது அவருக்கு மனப்பாடம். துத்தநாகம் குறைந்தால் இலை சிறுக்கும், போரான் குறைந்தால் நுனிக்குருத்து கருகும், மக்னீசியம் குறைந்தால் கிழட்டு இலை முதலில் மஞ்சளாகும், இரும்பு குறைந்தால் இளம் இலை முதலில் மஞ்சளாகும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் தூக்கத்திலிருந்து எழுப்புவதுதான் சிரமம். செடியைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்குக் குறை தெரிந்துவிடும். விளம்பரத் தாள் அதுவரை சரி. அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஒரே ஒரு சொல்தான் வரும். "பாக்கலாம்."

வேடிக்கை என்னவென்றால் அவர் காலத்தில் பண்ணையில் செடிகள் குறைவாகவே செத்தன. அவருக்கு முன்னால் இருந்தவர் சுறுசுறுப்பானவர். ஓர் இலை சுருண்டால் ஒரு மருந்து, இரண்டு இலை சுருண்டால் இரண்டு மருந்து என்று எதையாவது அடித்துக்கொண்டே இருந்தார். பூச்சி, செடி, அவருடைய தொண்டை மூன்றும் அதில் கெட்டன. மாப்பிள்ளை பார்க்கலாம் என்று விட்டதில் பாதி நோய்கள் தாமாகவே கிளம்பிப் போயின. மீதிப் பாதிக்கு மண் கலக்கும் பெண்கள் கைவைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். அவர் நிழல்வலைக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நிர்வாகம் என்பதே இதுதானோ என்று முதலாளிக்குக்கூட ஒரு சந்தேகம் வந்தது.

வம்பு, இலவசமாகக் கிடைத்த மணலில் ஆரம்பித்தது. பண்ணைக்குப் பக்கத்து மனையில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். சுண்ணாம்பு வைத்துக் கட்டிய தடித்த சுவர்கள். யார் எதைத் தூக்கி எறிந்தாலும் முதலாளிக்கு மனசு கேட்காது. இடித்துக் கொட்டிய காரையைச் சலித்து எடுத்து, மணலுக்குப் பதிலாகத் தொட்டி மண்ணில் கலக்கச் சொன்னார். தண்ணீர் அதில் அருமையாக வடிந்தது. வெட்சிச் செடிகள் எல்லாம் அந்த மண்ணில்தான் நடப்பட்டன. வெட்சி என்பது புத்தகப் பேர். வாங்க வருகிறவர்கள் 'அந்தச் சிவப்புக் கொத்துப்பூ' என்பார்கள்.

கொஞ்ச நாளில் வெட்சியின் இளம் இலைகள் மஞ்சளாயின. வெறும் மஞ்சள் இல்லை. நரம்புகள் மட்டும் பச்சையாகவே இருக்க, நடுவில் இருந்த இடமெல்லாம் வெளிறி, பச்சை நூலால் பின்னிய மஞ்சள் துணி மாதிரி. மாப்பிள்ளை முக்காலியிலிருந்து எழாமலே கண்டுபிடித்தார்: இரும்புக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு அதைப் பூட்டிவிட்டது. அரிசி நிறைந்த பெட்டிக்குப் பக்கத்தில், சாவி இல்லாமல் பட்டினி கிடக்கிற குடும்பத்தின் கதைதான். வேருக்கு எடுக்கத் தோதான இரும்பு, பழுப்புப் பொடியாக டப்பாவில் விற்கிறது. தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அடுத்து வரும் தளிர் பச்சையாக வரும். அவர் டப்பாவை வரவழைத்தும் விட்டார். அலமாரியில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்தார். பாக்கலாம் என்றார்.

அவர் பார்த்துக்கொண்டிருந்த அந்த இடைவெளியில்தான் உள்ளலங்கார நிபுணர் ஒருவர் வந்தார். புதிதாகத் திறந்த விடுதி ஒன்றின் முற்றத்துக்குத் தொட்டிச் செடி தேடி வந்த பெண்மணி. வெள்ளைச் சுவர், சாம்பல் கல் தரை, அதற்கு எடுப்பாக என்ன வைப்பது என்று வரிசை வரிசையாக நடந்து சலித்துப்போய்த் திரும்பியவர், மஞ்சள் வெட்சிகளுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். இது என்ன ரகம் என்று கேட்டார். மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள், அதற்கு எப்போதும் கொஞ்ச நேரம் ஆகும் என்பதால், முதலாளி முந்திக்கொண்டார்.

"தங்க வெட்சிங்க. புது ரகம். நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு."

அந்த நிமிஷம் வரைக்கும் அது உலகத்தில் யாரிடமும் இல்லை. பெண்மணி நாற்பது தொட்டி கேட்டார், ஒன்றுபோல் மஞ்சளாக. கார் கிளம்பிப் போனதும் மாப்பிள்ளை நிஜமாகவே எழுந்து நின்றார்.

"மச்சான், அது நோய்."

"எது?"

"அந்த மஞ்சள். இரும்பு பத்தல. டப்பா வாங்கி வச்சிருக்கேன், ஊத்திரலாம்னுதான்..."

"ஊத்துனா?"

"பச்சையாயிடும்."

முதலாளி வாசலிலிருந்து வேலி வரைக்கும் கையை வீசிக் காட்டினார். "பச்சை இங்கேர்ந்து அங்க வரைக்கும் கிடக்கு மாப்ள. ஒருத்தர் திரும்பிப் பாத்தாங்களா? இவ்ளோ நாளா நீங்க ஒண்ணும் பண்ணாம இருந்தீங்கல்ல, அதையே இன்னும் கொஞ்சம் நல்லா பண்ணுங்க."

இந்த இடத்தில் மாப்பிள்ளை தம் வாழ்க்கையில் முதல் தடவையாக உழைக்கத் தொடங்கினார். செடியை நன்றாக வைத்திருக்க மெனக்கெட வேண்டியதில்லை, அது தன் பாட்டுக்கு இருக்கும். செடியைச் சரியான அளவு நோயில் வைத்திருப்பதுதான் வேலை. சுண்ணாம்பு கொஞ்சம் கூடினால் மஞ்சள் தாண்டி வெள்ளைக்குப் போய், இலை ஓரம் தீய்ந்துவிடும். கொஞ்சம் குறைந்தால் பச்சை எட்டிப் பார்க்கும். அவர் காலையில் முதல் ஆளாக வந்து வெயில் ஏறுமுன் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தார். மஞ்சளுக்குப் பேர் வைத்தார். எலுமிச்சை என்றால் சரி. வெண்ணெய் என்றால் கவனம். காகிதம் என்றால் ஆபத்து, உடனே அந்தச் செடிக்கு மட்டும் பழுப்புத் தண்ணீர் ஒரு மூடி. கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டே அடுத்த தொட்டிக்கு நகர்ந்தார். முக்காலியில் பூனை படுக்க ஆரம்பித்தது.

மண் கலக்கும் பெண்களில் மூத்தவர், மாப்பிள்ளை சாருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று விசாரித்தார்.

நாற்பது தொட்டியும் ஒரே எலுமிச்சை நிறத்தில் வண்டி ஏறின. விடுதி முற்றத்தில் அவற்றைப் படமெடுத்து எங்கோ போட்டார்கள். அதைப் பார்த்து மேலும் நான்கு பேர் கேட்டு வந்தார்கள். முதலாளி தங்கை வீட்டுக்கு வந்து, மாப்பிள்ளை கை வைத்தால் தங்கம் என்று கூடத்தில் நின்று சொல்லிவிட்டுப் போனார். கடிகாரக் கடைக் காலத்திலிருந்து கணவரின் வேலையைப் பற்றி அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் மழுப்பிக்கொண்டிருந்த மனைவி, கேட்காதவர்களிடமும் சொல்லத் தொடங்கினார். வீட்டில் திரைச்சீலை மாற்றும்போது என்ன நிறம் என்று மாப்பிள்ளையைக் கேட்டார்கள். இதுவரை கேட்டதில்லை. அவர் யோசித்து, மஞ்சள் வேண்டாம் என்றார்.

சந்தோஷமாக இருந்தாரா என்றால், இருந்தார். அதுதான் தொந்தரவு. வெட்சிகள் மொட்டு வைக்கவில்லை என்பதும், வைத்த ஒன்றிரண்டும் விரியாமலே உதிர்ந்தன என்பதும் வேறு யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும். உணவு தயாரிக்க வேண்டிய பச்சையே இலையில் இல்லாத செடி, சேமிப்பைத் தின்று உயிர் வாழ்கிறது. சேமிப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான். பண்ணையில் இருக்கும்வரை ஒரு மூடித் தண்ணீர் கொடுத்து இழுத்துப் பிடிக்க அவர் இருந்தார். வண்டி ஏறிப் போனவற்றை யார் பிடிப்பது என்று நினைக்கும்போதெல்லாம், பழைய பழக்கம் கைகொடுத்தது. பாக்கலாம்.

பார்க்க வேண்டியது தானாகவே பண்ணைக்கு வந்து சேர்ந்தது. ஒரு மத்தியானம், நிழல்வலைக்குக் கீழே, ஒரு துணிப்பையை இடுப்பில் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றார். ஐம்பதை ஒட்டிய வயது. விடுதியின் சீருடை மேல்சட்டை, முழங்கை வரை மண். பையை இறக்கிவைத்துத் துணியை விலக்கினார். உள்ளே தொட்டியோடு ஒரு தங்க வெட்சி. தங்கம் என்று அதைச் சொல்ல இனி வாய் வராது. காகிதத்தையும் தாண்டி, ஓரமெல்லாம் பழுப்பாகத் தீய்ந்து, கிளைநுனி காய்ந்து நின்றது.

"நீங்கதானே சார் நிபுணர்? தாள்ல படம் பாத்தேன். கையில கண்ணாடி வச்சிருந்தீங்க."

"அது உள்ள இருக்கு," என்றார் மாப்பிள்ளை.

அந்தப் பெண் விடுதியின் தோட்டக்காரர். முற்றத்துச் செடிகள் முழுக்க அவர் பொறுப்பு. நின்றவாக்கில், மூச்சு விடாமல், நடந்ததைச் சொல்லி முடித்தார். வந்தபோது நன்றாகத்தான் இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக வெளிற ஆரம்பித்தன. மேலாளர் முதலில் கேட்டார், பிறகு கத்தினார், இப்போது கத்துவதையும் நிறுத்திவிட்டார், அதுதான் பயமாக இருக்கிறது. விலை உயர்ந்த ரகத்தைக் கவனிக்கத் தெரியாத ஆளை வைத்திருக்கிறோம் என்று பேச்சு நடக்கிறதாம். அடுத்த மாதம் வேறு ஆள் பார்க்கப்போகிறார்களாம். வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான். மகன் இருக்கிறான், இருக்கிறான் என்பதோடு சரி.

என்னென்ன செய்தீர்கள் என்று மாப்பிள்ளை கேட்டார். நிபுணர்கள் கேட்கிற கேள்வி அது, வாய் தானாகக் கேட்டது. தோட்டக்காரப் பெண் விரல் விட்டு எண்ணினார். வெயில் கூட என்று நிழலுக்கு மாற்றினார். நிழல் கூட என்று வெயிலுக்கு மாற்றினார். எலும்புத் தூள் வைத்தார். சோப்புத் தண்ணீரால் ஒவ்வொரு இலையையும் துடைத்தார். பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில் பேசியும் பார்த்தார். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, தொழில் ரகசியம் மாதிரி சொன்னார்:

"சமையல்கட்டுல முட்டை ஓடு மூட்டை மூட்டையா வருது சார். காய வச்சு, இடிச்சு, சலிச்சு, தெனமும் ஒரு கைப்பிடி. மத்த செடிக்கெல்லாம் அப்படி ஊக்கம் குடுக்கும். இதுக்குன்னு தனியா ரெண்டு கைப்பிடி."

முட்டை ஓடு சுத்தமான சுண்ணாம்பு. மாப்பிள்ளை பண்ணையில் கூடாமல் குறையாமல் பார்த்துக்கொண்டிருந்த விஷத்தை, இந்த அம்மாள் பாசத்தோடு கைப்பிடியால் கொடுத்திருக்கிறார். அவருக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. அது பாதியில் நின்றது. அந்தப் பெண் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தியர் நாடி பார்த்து முடிக்கக் காத்திருக்கிறவர் பார்க்கிற பார்வை.

"நான் என்ன தப்பு பண்ணேன் சார்? அத மட்டும் சொல்லுங்க. திருத்திக்கிறேன்."

முட்டை ஓடு என்று சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை. அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவார். தங்க வெட்சி தங்க வெட்சியாகவே இருக்கும். மச்சான் மச்சானாகவே இருப்பார். முதலாளி அறைக் கதவு திறந்திருந்தது, உள்ளே யாரோடோ தொலைபேசியில், ஒன்றுபோல் மஞ்சள், ஒன்றுபோல் மஞ்சள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தொட்டியைத் தம் பக்கம் திருப்பி, ஒரு கிளையை ஒடித்துப் பார்த்தார். உள்ளே ஈரம் இருந்தது.

"உங்க மேல தப்பு இல்லம்மா."

"அப்ப யார் மேல?"

"இது ரகமே இல்ல. நோய். இங்கேர்ந்து போறப்பவே நோய்தான்."

தோட்டக்காரப் பெண் செடியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "தெரிஞ்சேவா வித்தீங்க?"

"தெரிஞ்சேதான்."

"யாரு பண்ணது?"

"நான்தான்."

அந்தப் பெண் பக்கத்திலிருந்த முக்காலியிலிருந்து பூனையை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று மாப்பிள்ளை எதிர்பார்த்தார், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

"நல்லா பண்ணியிருக்கீங்க," என்றார் கடைசியில். "மருமக கிட்ட பெருமையடிச்சேன், தங்கத்தச் செடியில வளக்குறேன்னு. அவ அப்பவே சிரிச்சா. எனக்குத்தான் உறைக்கல." பிறகு, வேலைக்காரர்களுக்கே உரிய முறையில், அழுகையை ஒத்திவைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "சரி, இப்ப என்ன பண்ணணும்?"

மாப்பிள்ளை அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்தார். மண்ணை மாற்ற வேண்டும், இதைக் கரைத்து ஊற்ற வேண்டும், இன்னும் உயிர் இருக்கிறது, தளிர் பச்சையாக வரும் என்று விளக்கினார். அளவையும் சொன்னார். தம்முடைய குரலில் உற்சாகம் இருப்பதைக் கேட்டு அவருக்கே கூச்சமாக இருந்தது. தோட்டக்காரப் பெண் டப்பாவைக் கையில் வாங்கவில்லை.

"பச்சையாயிட்டா மேனேஜர் என்ன கேப்பாரு தெரியுமா சார்? தங்கம் எங்கன்னு கேப்பாரு. மஞ்சளா செத்தாலும் என் தலை, பச்சையா பொழச்சாலும் என் தலை. நீங்க டப்பாவக் குடுத்து அனுப்பிட்டா ஆச்சா?"

இதை மாப்பிள்ளைக்கு வகுப்பில் சொல்லித்தரவில்லை. அந்தப் பெண் சொன்னது முழுக்கச் சரி. செடியைத் தேற்ற ஒரு டப்பா போதும். இந்தப் பெண்ணைக் காப்பாற்ற, அந்த முற்றத்தில் நின்று, இதைச் செய்தவன் நான் என்று ஒருவர் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதில் குழப்பம் எதுவும் இல்லாததுதான் சங்கடம்.

அவர் முதலாளி அறைக்குப் போய், வாசற்படியில் நின்றபடி, விடுதி வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்றார். முதலாளி தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, எதற்கு என்றார். சொல்வதற்கு என்றார் மாப்பிள்ளை. என்ன சொல்வதற்கு என்று கேட்கும் முன்பே முதலாளிக்குப் புரிந்துவிட்டது, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சீருடைச் சட்டை தெரிந்தது.

"மாப்ள, அவசரப்படாதீங்க. பாக்கலாம்."

"நீங்க பாருங்க மச்சான். நான் போயிட்டு வந்துடறேன்."

பேருந்தில் தொட்டியை இரண்டு பேரும் மாறி மாறி மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளைக்கு இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் தோன்றியது. ஜன்னலோரம் அந்தப் பெண் உட்கார்ந்திருந்ததால் அவர் நடைபாதைப் பக்கம் இருந்தார், எழுந்தால் யாரும் தடுக்கப்போவதில்லை. எழவில்லை. தோட்டக்காரப் பெண் வழியெல்லாம் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

மேலாளர் நேர்த்தியான இளைஞர். முற்றத்தில் நின்றே கேட்டார். மாப்பிள்ளை சொல்லச் சொல்ல அவர் முகத்தில் கோபம் வரவில்லை, சந்தேகம் வந்தது. வந்திருப்பது விலை உயர்ந்த ரகத்தைத் திருப்பி எடுத்து மட்டமான பச்சைச் செடியைத் தள்ளிவிட வந்த ஆள், தோட்டக்கார அம்மாளும் உடந்தை என்று அவருக்குப் பட்டது. உண்மையைச் சொன்னால் நம்புவார்கள் என்று எதிர்பார்த்து வந்த மாப்பிள்ளை திகைத்துப்போனார். தங்க வெட்சி என்ற பொய்யை ஒரு வார்த்தையில் நம்பியவர்கள் இவர்கள்தான்.

வகுப்பில் கற்ற ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகைப் பொடியைத் தண்ணீரில் கரைத்தார். சட்டைப்பைக் கைக்குட்டையின் முனையை நனைத்து, இருப்பதில் தேறிய ஒரு செடியில், ஓர் இலையின் இடது பாதியில் மட்டும் தடவினார். வலது பாதியைத் தொடவில்லை. பக்கத்து இலையிலும் அப்படியே. அடுத்த வாரம் வருகிறேன், அதுவரைக்கும் அம்மாளை ஒன்றும் சொல்லாதீர்கள் என்றார்.

அடுத்த வாரம் அவர் போனபோது அந்த இலைகள் நடுநரம்பின் இரு பக்கமும் இரு வேறு செடிகளைச் சேர்ந்தவை போல இருந்தன. தடவிய பாதி பச்சை. தடவாத பாதி அதே வெளிறல். மேலாளர் கையால் தேய்த்துப் பார்த்தார், சாயம் வரவில்லை. நெடுநேரம் குனிந்து நின்றுவிட்டு, தோட்டக்காரப் பெண் எதிரிலேயே கேட்டார்: அப்படியானால், சரியான அளவு தெரிந்த ஆள் நீங்கள், கொஞ்சம் மஞ்சளாகவே வைத்துப் பராமரித்துத் தர முடியாதா? விருந்தாளிகளுக்குப் பிடித்திருக்கிறது.

"முடியும் சார்," என்றார் மாப்பிள்ளை. "பூக்காது. வருஷம் திரும்பறதுக்குள்ள செத்துரும். அப்புறம் வேற நாப்பது வாங்கணும்."

"வாங்குனா போச்சு," என்று மேலாளர் சொல்ல வாயெடுத்தார் என்றே தோட்டக்காரப் பெண் பின்னால் சத்தியம் செய்தார். ஆனால் அந்தப் பெண் அங்கேயே, இடுப்பில் கைவைத்து, அவரையே பார்த்துக்கொண்டு நின்றதால், சரி, தேற்றுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வேறு ஆள் பார்க்கும் பேச்சு அதோடு நின்றது. யார் மீது தவறு என்பது மேலாளர் கண்ணாலேயே பார்த்தாயிற்று. அதை அவர் பண்ணை முதலாளியிடம் தொலைபேசியில் சொல்லவும் தவறவில்லை.

முதலாளி கொதித்தார். இது வேறு ஆளாக இருந்தால் அன்று மாலையே கணக்கு முடிந்திருக்கும். தங்கையின் கணவரைப் பதவியிலிருந்து நீக்க எந்தச் சட்டத்திலும் வழியில்லை என்பதால், அவரோடு பேசுவதை நிறுத்தினார். ஒரே அறையில் இருந்தாலும் தங்கை மூலமாகத்தான் பேச்சு. "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, இருந்த நாலு ஆர்டரும் போச்சுன்னு." நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, கேட்டது என்று சொல்லு என்பார். நடுவில் மாட்டிக்கொண்ட மனைவிக்குக் கணவர் மேல்தான் கோபம் அதிகம். அக்கம்பக்கத்தில் சொன்னதையெல்லாம் இனி எப்படித் திரும்ப வாங்குவது? சில நாள் அவரும் பேசவில்லை. பிறகு ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிய கணவரின் கைக்குட்டையில் பழுப்புக் கறை போகவில்லை என்று சொல்லி, பழைய துணி இரண்டைக் கிழித்து அவர் பையில் வைத்தார். சமாதானம் அந்த அளவில் கையெழுத்தானது.

மண் கலக்கும் இடத்திலிருந்த காரைக் குவியலை முதலாளி யாரிடமும் சொல்லாமல் அப்புறப்படுத்தினார். தங்க வெட்சி என்ற பேரை அதற்குப் பிறகு யாரும் உச்சரிக்கவில்லை. விளம்பரத் தாள் மட்டும் நிறைய அச்சடித்துக் கிடந்ததால், தீரும்வரைக்கும் அதையே கொடுத்தார்கள்.

மாப்பிள்ளை வாரம் ஒருமுறை பேருந்து ஏறி விடுதிக்குப் போனார். தோட்டக்காரப் பெண் தொட்டியைச் சாய்த்துப் பிடிக்க, அவர் வேரைச் சுற்றியிருந்த சுண்ணாம்பு மண்ணை உதிர்த்து, புது மண் நிரப்பி, பழுப்புத் தண்ணீர் ஊற்றினார். முட்டை ஓடு இனி எதற்கும் கூடாதா என்று அந்தப் பெண் ஒவ்வொரு வாரமும் கேட்டார், மற்றச் செடிகளுக்கு வைக்கலாம் என்று அவர் ஒவ்வொரு வாரமும் சொன்னார்.

நாற்பதில் மூன்று பிழைக்கவில்லை. மீதி முப்பத்தேழும் பச்சையாகித் துளிர்த்தன. மழைக்குப் பிறகு சிவப்பாகப் பூத்தன. அவற்றை நோயில் தள்ளியவர் அவர், அதைப் போய்ச் சொன்னவர் அவர், தேற்றியவரும் அவர்.